கானாவூர்த் தண்ணீர்

பாம்பனில் ஒரு வீட்டில் கலியாணம் நிச்சயமானால் முதல் வெற்றிலை பாக்கு பங்குச் சாமியாருக்குத்தான் போகும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். அவருக்குப் போவது இரண்டாவது வெற்றிலை. முதல் வெற்றிலை யாகப்பம்மாளுக்கு. சாமியாருக்குக் காய்ச்சல் என்றால் தங்கச்சிமடத்திலிருந்து வேறொருவரை அழைத்து வந்து தாலி கட்டிவிடலாம். யாகப்பம்மாளுக்குக் காய்ச்சல் என்றால் கலியாணத்தையே தள்ளிவைக்க வேண்டியதுதான்.

அவள் செய்த வேலை அப்படி. ஊர்க் கிணறுகளில் ஊறுவதெல்லாம் உப்பு. துணி துவைக்கலாம், சட்டி கழுவலாம், வாயில் வைக்க முடியாது. கிழக்கே பனங்கூட்டத்தைத் தாண்டி, மணல் மேடு ஏறி இறங்கினால் நல்ல தண்ணீர் ஊற்று இருந்தது. ஊற்று என்றதும் குபுகுபுவென்று பொங்கும் என்று நினைக்க வேண்டாம். மணலில் முழங்கை ஆழத்துக்குக் குழி பறித்து, பக்கத்தில் குந்தியிருந்து, கசிந்து வரும் தண்ணீரைச் சிரட்டையால் மொண்டு மொண்டு குடத்தில் ஊற்ற வேண்டும். ஒரு குடம் நிறைவதற்குள் ஒரு ஜெபமாலை முழுவதையும் நிதானமாகச் சொல்லி முடித்துவிடலாம். பிறகு அதைத் தலையில் ஏற்றி ஒரு மைல் மணலில் நடக்க வேண்டும். இரண்டு குடம் தூக்கினால் கால் புதையும். ஆகவே ஒரு நடைக்கு ஒரு குடம், இதுதான் அந்த ஊர்க் கணக்கு.

யாகப்பம்மாளின் குடத்தில் தண்ணீர் விளிம்பு வரை நிற்கும். முக்கால் குடம் சுமப்பவர்களை அவளுக்குப் பிடிக்காது. "காக்குடத்துக்குக் காத்தா அடைச்சு வச்சிருக்க?" என்று கேட்டுவிடுவாள். தண்ணீர் தளும்பாமலிருக்க மேலே ஒரு பச்சைப் பனையோலைத் துண்டை மிதக்கவிடுவாள். பாம்பனில் எந்த வீட்டுத் தண்ணீரில் பனையோலை மிதந்தாலும் அது யாகப்பம்மாள் கொண்டு வந்த தண்ணீர் என்று அர்த்தம்.

இந்த வேலைக்கு அவள் வந்த கதையைச் சொல்லாமல் மேலே போக முடியாது. அவளுடைய கலியாணம் 1933இல் நடந்தது. நல்ல கோடை. இரண்டாவது பந்தியிலேயே தண்ணீர் தீர்ந்துபோயிற்று. மாப்பிள்ளை மிக்கேலின் தாய்மாமன் மீன் குழம்புச் சோற்றை அள்ளி வாயில் போட்டுக்கொண்டு தண்ணீர் கேட்டார். யாரோ பதறிப்போய் உப்புக் கிணற்றுத் தண்ணீரைக் கொடுத்துவிட்டார்கள். அவர் துப்பிய துப்பு மாமியாரின் புடவையில் விழுந்தது. அதற்குப் பிறகு மாமியார் பதினெட்டு வருஷம் உயிரோடிருந்தார். ஒரு நல்ல நாள், ஒரு பண்டிகை விடாமல், "விருந்தாளிக்குத் தாகம் தீக்கத் தெரியாத வீட்டுப் பொண்ணுதான இவ" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். மிக்கேல் தங்கமான மனிதர். ஆனால் அம்மா பேசும்போது மட்டும் வலையில் ஏதாவது கிழிசல் இருக்கிறதா என்று பார்க்கப் போய்விடுவார்.

அந்தப் பேச்சைக் கேட்டுக் கேட்டுத்தான் யாகப்பம்மாள் குடத்தைத் தூக்கினாள். தனக்கு நடந்தது இந்த ஊரில் இன்னொரு பெண்ணுக்கு நடக்கக்கூடாது என்று ஒரு வைராக்கியம். ஊரும் கூடச் சேர்ந்துகொண்டது. கலியாண நாள் காலையில், மணமக்கள் கோவிலில் இருக்கும் நேரத்தில், தெருவில் உள்ள ஒவ்வொரு வீடும் ஒரு குடம் நல்ல தண்ணீரைக் கொண்டுவந்து பந்தலில் வைத்துவிட்டுப் போகும். 'குடம் வைக்கிறது' என்று அதற்குப் பெயர். முப்பது வீட்டுக் குடமும் யாகப்பம்மாள் முன்கூட்டிச் சேர்த்துவைத்த தண்ணீருமாக எந்தக் கலியாணமும் தட்டில்லாமல் நடந்தேறும்.

1957 ஜனவரியில் ஞானாதிக்கம் சுவாமி புதுப் பங்குச் சாமியாராக வந்து சேர்ந்தார். முப்பத்தைந்து வயது. நன்றாகப் படித்தவர், நல்ல குரல். ஆர்.எஸ்.மங்கலத்துக்காரர். பெரிய கண்மாய்க் கரையில் பிறந்து, அதில் நீந்தி, அதன் தண்ணீரில் விளைந்த நெல்லைத் தின்று வளர்ந்த மனிதர். அவரைப் பொறுத்தவரை தண்ணீர் என்பது எட்டினால் கையில் கிடைக்கிற வஸ்து.

வந்த இரண்டாவது ஞாயிறு கானாவூர்க் கலியாணத்துச் சுவிசேஷம். கலியாண வீட்டில் திராட்சை ரசம் தீர்ந்துபோயிற்று என்று தாய் சொல்ல, சேசுநாதர் ஆறு கற்சாடித் தண்ணீரை ரசமாக்கியதும், பந்தி விசாரிக்கிறவன் அதை ருசி பார்த்துவிட்டு, எல்லாரும் நல்ல ரசத்தை முதலில் கொடுப்பார்கள், நீர் இவ்வளவு நேரம் ஒளித்துவைத்திருந்தீரே என்று மாப்பிள்ளையிடம் சொன்னதும்தான் அந்தக் கதை. சுவாமி பிரசங்கத்தில் வெளுத்து வாங்கினார். ஆறு கற்சாடிகள் ஏன்? ஏழு நிறைவான எண், ஆறு அதற்கு ஒன்று குறை, பழைய சட்டம் நிறைவு பெறாமல் காத்திருந்தது என்பதற்கு அது அடையாளம். அந்தச் சாடிகள் யூதர்கள் கை கால் கழுவிச் சுத்தம் செய்துகொள்ள வைத்திருந்தவை, சேசுநாதர் அந்தக் கழுவுகிற தண்ணீரைக் கொண்டாட்டமாக மாற்றினார், சட்டம் சந்தோஷமாக மாறிற்று. திராட்சை ரசம் என்ற வார்த்தை வரும்போதெல்லாம் ஆண்கள் பக்கத்தில் ஒரு பெருமூச்சு கேட்டது. மதுவிலக்கு வந்து ஒன்பது வருஷமாகியிருந்தது.

எல்லாம் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. அப்போது சுவாமி, "சாடிகளைத் தண்ணீரால் நிரப்புங்கள் என்று ஆண்டவர் சொன்னார், வேலைக்காரர்கள் சற்று நேரத்தில் நிரப்பிவிட்டார்கள்" என்று சொல்லிவிட்டு அடுத்த வாக்கியத்துக்குப் போகப் பார்த்தார்.

"சத்த நேரத்துலயா!"

பெண்கள் பக்கத்திலிருந்து வந்தது குரல். யாகப்பம்மாள் மனதுக்குள் சொல்லிக்கொண்டதாகத்தான் நினைத்தாள். ஆனால் மணல் மேட்டில் நின்று அடுத்த குழிக்காரிகளோடு பேசிப் பழகிய தொண்டை அது. கோவில் முழுக்கக் கேட்டுவிட்டது. யாரோ சிரித்தார்கள். பிறகு எல்லாரும் சிரித்தார்கள். யாகப்பம்மாள் முக்காட்டை இழுத்து முகத்தை மூடிக்கொண்டாள். பூசையில் ஒரு பெண்பிள்ளை பேசுவதா! மானம் போயிற்று என்று நினைத்தாள்.

பூசை முடிந்ததும் சுவாமி ஆள் விட்டு அழைத்தார்.

"பிரசங்கத்துல பேசுனது நீங்கதானம்மா?"

"நான்தேன் சுவாமி. கோவிச்சுக்கிறாதீக. வாய் தவறிருச்சு."

"தவறுனது உங்க வாயா, என் வாயா? அதைத் தெரிஞ்சுக்கத்தான் கூப்பிட்டேன்."

இப்படிக் கேட்கும் சாமியாரை அவள் அதுவரை பார்த்ததில்லை. தைரியம் வந்துவிட்டது.

"சாடிக்கு எத்தன குடம் பிடிக்கும் சுவாமி?"

சுவாமி உள்ளே போய் ஒரு தடித்த புத்தகத்தைப் புரட்டிவிட்டு வந்தார். கையை இடுப்பளவுக்கு வைத்துக் காட்டினார். ஏறக்குறைய இவ்வளவு பெரிய ஜாடி என்றார். யாகப்பம்மாள் அவரை நேராகக் குல்சும் வீட்டுக்கு அழைத்துக்கொண்டு போனாள். குல்சும் கருவாட்டு வியாபாரி ஹமீது சுல்தானின் மனைவி, யாகப்பம்மாளின் சிநேகிதி. அவள் வீட்டுக் கொல்லையில் அவளுடைய மாமனார் காலத்தில் ரங்கூனிலிருந்து கப்பலில் வந்த பழுப்பு நிற ஜாடிகள் ஆறு, சும்மா வெயில் காய்ந்துகொண்டு நின்றன. உப்புக் கிணற்றுத் தண்ணீரை ஒரு ஜாடியில் ஊற்றிப் பார்த்தார்கள். சரியாக ஏழு குடம் பிடித்தது.

"ஆறேழு நாப்பத்திரண்டு," என்றாள் யாகப்பம்மாள். "நாப்பத்திரண்டு நடை சுவாமி. அந்தூர்ல கெணறு எங்கன இருந்துச்சோ! பந்தி நடக்கயில, எச்சி இல எடுக்க ஆளில்லாத நேரத்துல, சாடிய நெப்புன்னு ஒரு விருந்தாளி சொல்றாரு. கழுவுற தண்ணி. குடிக்கக் கேட்டா கழுவுற சாடிய நெப்பச் சொல்றாரேன்னு எவனாச்சும் மொணங்கியிருக்க மாட்டானா? ஆனா நெப்புனாங்க. அரக்குடம் முக்காக்குடமில்ல, விளிம்பு மட்டுக்கும். அப்பிடித்தான எழுதியிருக்கு?"

"அப்படித்தான் எழுதியிருக்கு," என்றார் சுவாமி.

"பந்தி விசாரிக்கிறவனுக்கு ரசம் எங்கிருந்து வந்துச்சுன்னு தெரியல. மாப்பிள்ளைக்கும் தெரியல. தண்ணி மொண்ட வேலக்காரவுகளுக்குத் தெரியும்னு சுவிசேஷத்துல வருதுல்ல? சின்ன வயசுலருந்து அந்த ஒரு வரிய மட்டும் என் வரியா வச்சுக்கிட்டேன் சுவாமி. அதத்தான் நீங்க சத்த நேரம்னு தள்ளிட்டுப் போயிட்டீக."

 கதவுக்குப் பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்த குல்சும், "மரியம் அம்மாவும் வெறும் ரெண்டு வார்த்ததான் சொன்னாகளாமே, ரசம் இல்லைன்னு? வீட்டுக்காரவுக கேக்குறதுக்கு முந்தியே அவுகளுக்கு எப்பிடித் தெரிஞ்சுச்சு?" என்றாள். அதற்கும் யாகப்பம்மாளே பதில் சொன்னாள். "அடுப்படியில நிக்கிற பொம்பளைக்குத் தெரியாதா எது தீந்துச்சுன்னு?"

அன்று முதல் ஞானாதிக்கம் சுவாமிக்கு ஒரு பழக்கம் வந்தது. சனிக்கிழமை சாயங்காலம் அடுத்த நாள் சுவிசேஷத்தை எடுத்துக்கொண்டு கடற்கரைக்குப் போய்விடுவார். ஐந்து அப்பமும் இரண்டு மீனும் வந்தபோது பெண்கள் அவரைப் பிடித்துக்கொண்டார்கள். காலையில் வீட்டை விட்டுப் புறப்பட்டவனின் பையில் அந்தி வரைக்கும் பச்சை மீன் நாறாமல் இருக்குமா, அது கருவாடுதான் என்று அடித்துச் சொன்னார்கள். சுவாமி புத்தகத்தைப் பார்த்துவிட்டு வந்து, இருக்கலாம் என்றார். அந்த ஞாயிறு முழுக்கக் கருவாட்டு வியாபாரிகள் தலை நிமிர்ந்து நடந்தார்கள். ராத்திரி முழுக்க வலை போட்டு ஒன்றும் அகப்படாமல், வலையை அலசிக்கொண்டிருந்த இராயப்பரிடம் சேசுநாதர் மறுபடி வலை போடச் சொன்ன இடம் வந்தபோது மிக்கேல் ஒரே வாக்கியம்தான் சொன்னார். "வலைய அலசிட்டா அன்னைக்கு வேல முடிஞ்சுச்சுன்னு அர்த்தம் சுவாமி, அதுக்கு மேல போடச் சொன்னா பெத்த அய்யா சொன்னாக்கூட கோவம் வரும்." மீன் அகப்பட்டதை விட, அலசின வலையை இராயப்பர் திரும்பக் கடலில் போட்டதுதான் பெரிய அற்புதம் என்று அந்த ஊர் முடிவு செய்தது.

இனி ஜோதிமேரியின் கலியாணத்துக்கு வருவோம். யாகப்பம்மாளுக்கு ஒரே மகள். தொண்டியில் மாப்பிள்ளை பார்த்திருந்தார்கள். பெயர் சூசைமுத்து. அவன் அப்பா இன்னாசி இரண்டு வள்ளத்துக்குச் சொந்தக்காரர், ஆறடி ஆள், சாதாரணமாகப் பேசினாலே நாலு வீட்டுக்குக் கேட்கும். கலியாணம் அதே வருஷம் வைகாசி முதல் திங்கட்கிழமை. ஊற்றுக் குழிகள் ரொம்பவும் சுருங்கிப்போயிருந்த நேரம்.

யாகப்பம்மாள் குல்சுமிடம் அந்த ஆறு ஜாடிகளையும் இரவல் வாங்கிக் கொல்லைப் பந்தலில் வரிசையாக நிறுத்தினாள். நாலு நாள் நடந்து, தன் தலையில் சுமந்து மூன்று ஜாடிகளை நிரப்பினாள். மீதி மூன்று ஜாடிகளைக் காலியாக விட்டாள். அவற்றுக்குத்தான் தெருக் குடங்கள் வரப்போகின்றனவே! முப்பது வீட்டுக் கலியாணத்துக்கும் அவள் சுமந்திருக்கிறாள். தன் வீட்டுக்கு முப்பது குடம் வராதா?

ஞாயிறு சாயங்காலமே இரண்டு வள்ளத்தில் மாப்பிள்ளை வீட்டார் எண்பது பேர் வந்து இறங்கினார்கள். உடம்பெல்லாம் உப்பு. கடல் வழி வந்தவர்களுக்கு நல்ல தண்ணீரில் கால் கழுவக் கொடுப்பது மரியாதை. யாகப்பம்மாள் தாராளமாக ஊற்றினாள். இராச் சமையல், காலைச் சமையல் என்று மூன்று ஜாடித் தண்ணீரும் அடியைத் தொட்டது. அவள் கவலைப்படவில்லை.

காலைப் பூசையில் தாலி ஏறியது. ஜோதிமேரி அழகாக அழுதாள். மேளத்தோடு வீட்டுக்குத் திரும்பி, மணமக்களைப் பந்தலில் விட்டுவிட்டு, யாகப்பம்மாள் பட்டுப்புடவை சரசரக்கக் கொல்லைக்கு ஓடினாள்.

கொல்லை நிறையச் சாமான்கள் இருந்தன. தேங்காய் ஒரு குவியல். அரிசிப் பெட்டிகள். பனங்கருப்பட்டிச் சிப்பம். இரண்டு வாழைத்தார். ஓலைக் கொட்டானில் சீனி. ஒரு முழு சீலா மீன். தூணில் கட்டிப்போட்ட ஒரு கிடா அவளைப் பார்த்துக் கத்தியது. குடம் மட்டும் ஒன்று கூட இல்லை.

யாகப்பம்மாள் அடுத்த வீட்டு உலகம்மாளைப் பிடித்தாள். "ஏத்தா, குடம் வைக்கலயா யாரும்?"

உலகம்மாள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். "நல்லாக் கேட்ட போ! ஒன் வீட்டுக்குப் போயி நாங்க தண்ணி கொண்டாரவா? ஒனக்குத் தெரியாத தண்ணியா? ஒன்னைய அவமானப்படுத்துன மாதிரி ஆயிராது? அதேன் தெருவுல எல்லாரும் கூடிப் பேசி, தண்ணிக்குப் பதிலா நல்ல சீரா வச்சிருவோம்னு முடிவு பண்ணிட்டோம். கிடா எப்பிடி? நாலு வீடு சேந்து வாங்குனது!"

தண்ணீர்க்காரி வீட்டுக்கு யாரும் தண்ணீர் கொண்டுவரவில்லை. முப்பது வீடும் மரியாதை நினைத்தே செய்த காரியம். திட்டவும் வழியில்லை. அடுப்பில் மூன்று பந்திக்குச் சோறு வெந்துகொண்டிருக்கிறது. வெயில் ஏறிக்கொண்டிருக்கிறது. ஊற்றுக்குப் போய் ஒரு குடம் கொண்டுவரவே ஒரு மணி நேரம் ஆகும். மாமியாரின் குரல் அப்படியே காதில் கேட்டது. நாளைக்கு அதே பேச்சை ஜோதிமேரி தொண்டியில் கேட்பாள். பதினெட்டு வருஷமோ, இருபத்தெட்டு வருஷமோ, அந்தச் சம்பந்தியம்மாளுக்கு ஆயுசு எத்தனை கெட்டியோ! 

வெளியே சொல்லவும் மனம் வரவில்லை. கிடா வாங்கிக் கட்டியவர்களிடம் போய் எனக்குத் தண்ணீர் இல்லை என்று எப்படிச் சொல்வது? அப்போது அடுப்படியில் தேங்காய் துருவிக்கொண்டிருந்த குல்சும் அவள் முகத்தைப் பார்த்தாள்.

"என்னக்கா?"

"தண்ணி இல்ல குல்சும்."

அதற்குள் பந்தலிலிருந்து அழைப்பு வந்துவிட்டது. பெரியவர்கள் ஒவ்வொருவராக வந்து மணமக்களின் நெற்றியில் சிலுவை அடையாளம் இட்டு ஆசீர்வதிக்கும் நேரம். அது முடியும் வரை இரண்டு சம்பந்தியம்மாள்களும் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்திருக்க வேண்டும். பெண்ணின் தாய் நடுவில் எழுந்து போனால் அபசகுனம் என்பார்கள். "நீ போய் உக்காருக்கா," என்று குல்சும் அவளைத் தள்ளிவிட்டாள்.

யாகப்பம்மாள் உட்கார்ந்தாள். நெருப்பில் உட்கார்ந்திருந்தாள் என்றே சொல்ல வேண்டும். சம்பந்தியம்மாள் ஏதோ கேட்கிறார், இவள் ஏதோ பதில் சொல்கிறாள். கண் முழுக்கக் கூட்டத்தின் மேல். சிலுவை போட்டவர்கள் பந்தியில் போய் உட்காராமல் எங்கோ நழுவுவதைக் கவனித்தாள். முதலில் உலகம்மாள் காணாமல் போனாள். பிறகு தெருப் பெண்கள் மொத்தமும். பிறகு ஆண்கள். மிக்கேலையும் காணவில்லை. வலையில் கிழிசல் பார்க்கப் போய்விட்டார், பழைய புத்தி எங்கே போகும் என்று பல்லைக் கடித்துக்கொண்டாள். முன் வரிசையில் உட்கார்ந்திருந்த ஞானாதிக்கம் சுவாமியும் எப்போதோ எழுந்து போய்விட்டிருந்தார். விஷயம் தெரிந்துவிட்டது, தாகத்தோடு உட்கார்ந்திருக்க யாருக்கும் இஷ்டமில்லை, ஊரே கிளம்பிவிட்டது என்று நினைத்தாள். பந்தலில் தொண்டிக்காரர்களும் கிழவர்களும்தான் மிச்சம். அவர்கள் ஒவ்வொருவராக வந்து, நிதானமாகச் சிலுவை போட்டு, ஒவ்வொருவரும் ஜோதிமேரிக்கு ஒரு புத்திமதியும் சொன்னார்கள். இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆயிற்று. ஒருவழியாக இன்னாசி எழுந்தார். மகனுக்குச் சிலுவை போட்டார், மருமகளுக்குப் போட்டார். தொண்டையைச் செருமினார்.

"சம்பந்தி! நாக்கு ஒட்டிக்கிருச்சு. ஒரு செம்பு தண்ணி கொண்டாங்க."

  யாகப்பம்மாள் வெண்கலச் செம்பை எடுத்துக்கொண்டு கொல்லைக்கு நடந்தாள். அந்தப் பதினைந்து அடி, ஊற்றிலிருந்து வீட்டுக்கு வருகிற தூரத்தை விட நீளமாயிருந்தது. அடியில் தேங்கியதைச் சுரண்டினால் ஒரு செம்பு தேறும். அடுத்த செம்புக்கு என்ன செய்வது? தேவமாதாவே, மண்ணே, மணலே என்று வேண்டிக்கொண்டு முதல் ஜாடியின் மூடியை எடுத்து, கையை ஆழமாக விட்டாள்.

மணிக்கட்டு உள்ளே போவதற்கு முன்பே விரல்கள் தண்ணீரில் பட்டன. தண்ணீர் வழிந்து பட்டுப்புடவையை நனைத்தது.

விளிம்பு வரை நின்றது தண்ணீர். மேலே ஒரு பச்சைப் பனையோலைத் துண்டு மிதந்தது. அடுத்த ஜாடியைத் திறந்தாள், அதிலும் ஓலை. ஆறு ஜாடியிலும் விளிம்பு வரை தண்ணீர், ஆறிலும் ஓலை. ஒரு கை அள்ளி வாயில் ஊற்றினாள். மணலில் வடிகட்டிய தண்ணீர், கொஞ்சம் பனை வாசனை. அவளுடைய ஊற்றின் தண்ணீர்தான், அதில் சந்தேகமில்லை. எப்படி வந்தது என்றுதான் தெரியவில்லை. இருபத்து நாலு வருஷத்தில் ஒரு கலியாண வீட்டுத் தண்ணீர் எங்கிருந்து வந்தது என்று யாகப்பம்மாளுக்குத் தெரியாமல் போனது அன்றைக்குத்தான்.

செம்பை மொண்டு கொண்டுபோய்க் கொடுத்தாள். இன்னாசி அண்ணாந்து மடக்கு மடக்கென்று குடித்தார். நிறுத்தினார். செம்பை ஒரு பார்வை பார்த்தார். மீதியையும் குடித்துவிட்டு, வாயைத் துடைத்துக்கொண்டு, தொண்டி வரைக்கும் கேட்கிற குரலில் சொன்னார்:

"நானும் நாப்பது கலியாணம் பாத்துட்டேன். எல்லா வீட்டுலயும் வந்து எறங்கயில நல்ல தண்ணியக் குடுப்பாக. நாலு வாய் சோறு உள்ள போனப்புறம், இனி இவனுக்கு எங்க தெரியப் போகுதுன்னு உப்புத் தண்ணிய ஊத்திருவாக. நீங்க என்னடான்னா, நல்ல தண்ணிய இம்புட்டு நேரம் ஒளிச்சு வச்சிருந்து இப்பத்தான வெளிய எடுக்கிறீக!"

பந்தலின் வாசலில் ஒரு பெரிய சிரிப்பு வெடித்தது. யாகப்பம்மாள் திரும்பிப் பார்த்தாள். ஊர் மொத்தமும் அங்கே நின்றது. உலகம்மாளின் கலியாணப் புடவை முழங்கால் வரை மணல். மிக்கேலின் புது வேட்டி தொப்பலாக நனைந்திருந்தது. தலையில் இன்னும் சும்மாடு. வாழ்க்கையில் குடம் தொடாத ஆண்பிள்ளைகள் எல்லாம் கழுத்தைத் தடவிக்கொண்டு நின்றார்கள். இன்னாசிக்கு எதற்குச் சிரிக்கிறார்கள் என்று விளங்கவில்லை. தன் பேச்சு அவ்வளவு நன்றாயிருந்தது என்று நினைத்து இன்னொரு முறை சொன்னார். ஊர் இன்னொரு முறை சிரித்தது.

"எனக்கும் ஒரு செம்பு," என்றார் சம்பந்தியம்மாள். குடித்துவிட்டு, "இந்த மாதிரித் தண்ணி குடிச்சு வளந்த பொண்ணு. குடுத்து வச்சிருக்கணும்," என்று ஜோதிமேரியின் கன்னத்தைத் தடவினார். யாகப்பம்மாள் செம்பை வாங்கிக்கொண்டு சட்டென்று கொல்லைக்கு வந்துவிட்டாள். வந்து அழுதாள். நன்றாக, மூக்கை உறிஞ்சிக்கொண்டு, சந்தோஷமாக அழுதாள்.

பிறகு குல்சும் சொல்லித்தான் நடந்தது தெரிந்தது. குல்சும் நேராகச் சுவாமியிடம் போயிருக்கிறாள். "சாமி, யாகப்பம்மா அக்கா வீட்டுல தண்ணி இல்ல" என்று மட்டும் சொன்னாளாம். சுவாமி வேறொன்றும் கேட்கவில்லை. தோளில் கிடந்த துண்டை எடுத்துச் சுருட்டிச் சும்மாடாக்கித் தலையில் வைத்துக்கொண்டு, அடுப்படியில் கிடந்த ஒரு காலிக் குடத்தைத் தூக்கிக்கொண்டு தெருவில் நடந்தார். குருவானவர் குடத்தோடு போவதைப் பார்த்த பிறகு எந்த ஆண்பிள்ளை பந்தலில் உட்கார்ந்திருப்பான்? வள்ளக்காரர்கள் மணலில் இருபது புதுக் குழி தோண்டினார்கள். பெண்கள் மொண்டார்கள். நிறைந்த குடங்கள் பின்வாசல் வழியாகக் கொல்லைக்கு வந்து சேர்ந்தன. ஓலையை மறக்கக்கூடாது என்று உலகம்மாள் ஆளுக்கு ஆள் கத்திக்கொண்டே வந்தாளாம்.

சுவாமி கொல்லைச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். அங்கி முழங்கால் வரை ஈரம். கழுத்தை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"எத்தன நடை சுவாமி?" என்று கேட்டாள் யாகப்பம்மாள், கண்ணைத் துடைத்துக்கொண்டு.

"ரெண்டுதாம்மா. மூணாவதுக்கு மணல் மேட்டுலயே உக்காந்துட்டேன். முனகவும் செஞ்சேன், சொல்லிடுறேன்." கொஞ்சம் நிறுத்தி, "இந்த வேலையவா நான் ஒரு வார்த்தையில முடிச்சேன்!" என்றார்.

அவருக்கும் அவள் ஒரு செம்பு மொண்டு கொடுத்தாள். ஓலையை விரலால் ஒதுக்கிவிட்டு.

அடுத்த வருஷம் ஜனவரியில் மறுபடியும் கானாவூர்க் கலியாணம் வந்தது. ஜோதிமேரி மசக்கையாகத் தாய் வீட்டுக்கு வந்து அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். சுவாமி அந்த வருஷம் எண்களைப் பற்றியும் சட்டத்தைப் பற்றியும் அதிகம் பேசவில்லை. "சாடிகளைத் தண்ணீரால் நிரப்புங்கள் என்று ஆண்டவர் சொன்னார்" என்ற இடத்துக்கு வந்ததும் நிறுத்தினார்.  அவர் பெண்கள் பக்கத்தைப் பார்த்தார்.

"எதற்கென்று அவர்களுக்குத் தெரியாது. தலையில் சுமந்தார்கள். நாற்பது நடை நடந்தார்கள்," என்றார்.

யாகப்பம்மாள் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டாள். இந்தத் தடவை வாய் தவறவில்லை. நன்றாகக் கேட்கும்படியாகத்தான் சொன்னாள்:

"நாப்பத்திரண்டு."